ஆறு பாட்டு, ஒரு சின்ன இசைத்தட்டு: ஆபரேஷன் ஐவியின் ‘ஹெக்டிக்’

இன்னிக்கு நான் பேசப்போறது ஒரு ஏழு இன்ச் இசைத்தட்டைப் பத்தி. மொத்தமே ஆறு பாட்டு. பேரு ‘ஹெக்டிக்’. 1988-ல கலிஃபோர்னியாவின் லுக்அவுட் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. இசைக்குழு ஆபரேஷன் ஐவி. 1952-ல அமெரிக்கா முதல் ஹைட்ரஜன் குண்டை வெடிச்சுப் பார்த்த சோதனை வரிசையின் பேரு அது. நாலு பசங்க அதை எடுத்து வெச்சுக்கிட்டாங்க.

முதல்ல ஒண்ணு ஒத்துக்கறேன். இந்த ரெக்கார்டை நான் பல வருஷம் தப்பாத்தான் கேட்டிருக்கேன். அவங்களோட ஒரே முழு ஆல்பம் ‘எனர்ஜி’, 1989-ல வந்தது. பின்னாடி 1991-ல வந்த சிடியில் ‘ஹெக்டிக்’ பாட்டுகளை ஆல்பத்துக்குப் பின்னால ஒட்டிட்டாங்க. அதனால எனக்கு அது மிச்சம் மீதி மாதிரியே தோணுச்சு. உண்மையில் இதுதான் முதல்ல வந்தது. பதிவு செஞ்சப்போ குழு ஆரம்பிச்சு ஒரு வருஷம்கூட ஆகல.

அப்படி என்ன இதுல? ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாத ரெண்டு இசையை ஒரே குழு வாசிக்குது. ஸ்கா ஜமைக்காவில் பிறந்தது. தாளம் போடுறப்போ கை கீழே விழுற இடம் இருக்கில்ல, அங்க கிட்டார் பேசாது. கை மேல எழும்புற இடத்துல ‘சக்’னு ஒரு வெட்டு, உடனே நிறுத்தம். அந்த இடைவெளிதான் காலை ஆட வைக்குது. ஹார்ட்கோர் பங்க்ல இடைவெளியே கிடையாது. வேகம், இரைச்சல், கத்தல், ஒரு நிமிஷத்துல பாட்டு முடிஞ்சிடும்.

ரெண்டையும் கட்டிப்போடுறது மாட் ஃப்ரீமனின் பேஸ் கிட்டார்தான்னு நான் நினைக்கிறேன். டிம் ஆம்ஸ்ட்ராங் வெட்டி நிறுத்துற இடங்களுக்குள்ள அது ஓடி ஓடி இடம் பிடிக்குது. ‘ஹெல்தி பாடி’ கேட்டுட்டு ‘ஹோபோக்கன்’ கேளுங்க. முதல்ல ஆட்டம், அப்புறம் நேர் ஓட்டம், ஆனா வாசிக்கிறது அதே ஆட்கள்தான்னு சந்தேகமே வராது. டிரம்பெட், சாக்ஸஃபோன் எதுவும் இல்லாம!

இவங்க வளர்ந்த இடம் பெர்க்லியில் உள்ள 924 கில்மன் ஸ்ட்ரீட். தன்னார்வலர்கள் நடத்தற அரங்கம். மது கிடையாது, சண்டை கிடையாது, சின்னப் பசங்களும் வரலாம். கூட்டத்தை இடிச்சுத் தள்ளவும் வைக்கணும், ஆடவும் வைக்கணும். அந்த மாதிரி அறைக்கு இந்த இசை பொருந்தினதுல எனக்கு ஆச்சரியமே இல்லை.

1989-லேயே குழு கலைஞ்சிடுச்சு. ஆம்ஸ்ட்ராங்கும் ஃப்ரீமனும் பிறகு ‘ரான்சிட்’ ஆரம்பிச்சாங்க, அது தனிக் கதை.

உங்ககிட்ட இருக்கறதும் அந்த சிடின்னா, 20-வது பாட்டுல ஆரம்பிங்க. 25 முடிஞ்சதும் நிறுத்திடுங்க.