படத்தை விற்காதீர்கள், வாடகைக்கு விடுங்கள்

மும்பைக்கு வந்து குடியேறிய நம்மவர்களுக்கு 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினோரு மாதம், இத்தனை ரூபாய் வாடகை, இத்தனை டெபாசிட், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று எத்தனை காகிதங்களில் கையெழுத்துப் போட்டிருப்போம்! வீடு சொந்தக்காரருடையது. குறிப்பிட்ட காலம் குடியிருக்க அனுமதி மட்டும்தான் நமக்கு. நாம் எடுத்த புகைப்படத்தை ஒரு பத்திரிகையோ கம்பெனியோ கேட்கும்போதும் நடக்க வேண்டியது இதுதான். ஆனால் வீட்டு விஷயத்தில் இவ்வளவு உஷாராக இருக்கும் நாம், படம் என்று வந்துவிட்டால் சாவியோடு பத்திரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் கொடுத்தேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆச்சியின் கேள்வி

நான் ஆபீஸ் வேலை பார்ப்பவன். காமிரா எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். தாராவி 90 அடி சாலையில் பொங்கலன்று நம்மவர்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கலிடுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 2016-ஆம் ஆண்டுப் பொங்கலன்று அங்கே திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சி ஒருவரைப் படம் எடுத்தேன். பானை பொங்கி வழிகிறது, ஆச்சி வாய்விட்டுச் சிரிக்கிறார். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது.

சில மாதங்கள் கழித்து ஒரு காலண்டர் கம்பெனி அதைக் கேட்டது. "பணம் கொடுக்க பட்ஜெட் இல்லை சார், உங்கள் பெயரைப் போடுகிறோம்" என்றார்கள். பெயர் அச்சில் வருகிறதே என்ற சந்தோஷத்தில், அவர்கள் நீட்டிய காகிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். படத்தின் எல்லா உரிமைகளையும் எக்காலத்துக்கும் எழுதிக் கொடுப்பதாக அதில் இருந்தது. அடுத்த பொங்கலுக்கு அதே படம் ஒரு நெய் வியாபாரியின் விளம்பரப் பலகையில் இருபதடி உயரத்துக்கு நின்றது. என் பெயரும் இல்லை, எனக்குப் பணமும் இல்லை. போய்க் கேட்டால் என் கையெழுத்தையே எடுத்துக் காட்டினார்கள்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஆச்சி வீட்டில். விளம்பரத்துக்கு லட்சக்கணக்கில் பணம் வந்திருக்கும், கிழவி எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் நச்சரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் பார்க்கப் போனபோது ஆச்சி கேட்டார்: "எய்யா, எம் மொகத்த எவ்வளவுக்கு வித்த?"

"விக்கல ஆச்சி, சும்மாதான் கொடுத்தேன்."

"சும்மா கொடுக்க அது ஒம் மொகமா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் சட்டத்தைப் படித்தேன், தெரிந்தவர்களை விசாரித்தேன். நம் சங்கத்தில் காமிராவும் நல்ல போனுமாக அலையும் பிள்ளைகள் பலர் இருப்பதால், கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

படம் யாருடையது?

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படமும் ஒரு கலைப் படைப்பே. எடுத்தவரே அதன் ஆசிரியர். ஷட்டரை அழுத்திய நிமிடமே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்ய வசதி உண்டு, ஆனால் கட்டாயம் இல்லை. முன்பெல்லாம் புகைப்படத்துக்கு வெளியான நாளிலிருந்து கணக்கிட்டே பாதுகாப்பு இருந்தது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அதற்குமேல் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. ஆக, இது பேரன் பேத்திக்கும் போகிற சொத்து.

இரண்டு விதிவிலக்குகளை மறக்க வேண்டாம். ஒருவர் பணம் கொடுத்து, அவர் கேட்டுக்கொண்டதற்காக நீங்கள் படம் எடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை அவருக்கே. காசு வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கல்யாணத்தை எடுக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதேபோல், சம்பள வேலையின் பகுதியாக எடுத்த படம் பொதுவாக முதலாளிக்குச் சேரும்.

உரிமையைக் கைமாற்றினாலும் ஒன்று உங்களிடமே இருக்கும். 'இது நான் எடுத்த படம்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு தனியாகக் காப்பாற்றுகிறது. அந்த நெய் விளம்பர விஷயத்தில் இதையாவது நான் கேட்டிருக்கலாம். அன்று தெரியவில்லை. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று போற்றப்படும் ஹோமாய் வியாரவாலா பம்பாயில் தொழில் தொடங்கியபோது, அவருடைய ஆரம்ப காலப் படங்கள் கணவரின் பெயரில்தான் வெளியாயின. அவருக்கு 2011-இல் பத்ம விபூஷண் கிடைத்தது. பெயர் என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் பெயர் உங்கள் உரிமை, அது கூலி ஆகாது. 'பணத்துக்குப் பதில் பெயர் போடுகிறோம்' என்பவர், உங்களுடையதையே எடுத்து உங்களுக்குப் பரிசாகக் கொடுக்கிறார்.

விலை சொல்வது எப்படி?

"உங்கள் ரேட் என்ன?" என்று யாராவது கேட்டால் உடனே ஒரு தொகையைச் சொல்லிவிடாதீர்கள். முதலில் ஆறு கேள்விகளைத் திருப்பிக் கேளுங்கள். எதற்காக வேண்டும்? அச்சிலா, இணையத்திலா, விளம்பரப் பலகையிலா? எத்தனை பிரதி? எவ்வளவு காலத்துக்கு? எந்த ஊர்களில், எந்த மொழியில்? உங்களுக்கு மட்டுமா, வேறு யாருக்கும் நான் கொடுக்கலாமா? மாதுங்காவில் ஒரு வாடகை, விராரில் ஒரு வாடகை. குடியிருக்க ஒரு வாடகை, கடை வைக்க ஒரு வாடகை. படமும் அப்படித்தான். எடுக்க நீங்கள் பட்ட கஷ்டத்தைவிட, எடுத்துக்கொள்கிறவருக்கு அதனால் என்ன பயன் என்பதே விலையைத் தீர்மானிக்கிறது.

இருந்தாலும் நம் அடக்க விலை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: காமிராவும் லென்ஸும் 60,000 ரூபாய், ஐந்து ஆண்டு உழைக்கும். ஆண்டுக்கு 20 நாள் வெளியே போனால் மொத்தம் 100 நாள். ஒரு நாளைக்கு 600 ரூபாய். ரயில், டீ, சாப்பாடு என்று 300. ஆக ஒரு நாளுக்கு 900. நான்கு நாள் அலைந்தால் ஒரு நல்ல படம் தேறும் என்று வைத்துக்கொண்டால், அந்தப் படத்தின் அடக்கம் 3,600 ரூபாய். இதில் உங்கள் உழைப்புக்குக் கூலி சேரவில்லை.

நான் வைத்திருக்கும் வழக்கத்தைச் சொல்கிறேன். சந்தை விலை இதுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கணக்குப்படி மாற்றிக்கொள்ளுங்கள். சிறு பத்திரிகையின் உள்பக்கத்தில் ஒரே ஒரு தடவை போட 2,000 ரூபாய். அட்டைப்படம் என்றால் இரண்டு மடங்கு. விளம்பரம் என்றால் ஐந்து மடங்கு. 'எங்களுக்கு மட்டும்' என்றால் அந்தத் தொகையைப் போல மூன்று மடங்கு. ஏனென்றால் அந்தக் காலம் முழுவதும் வேறு குடித்தனக்காரரை நான் வைக்க முடியாது. இரண்டு பேர் உள்பக்கத்துக்கு எடுத்தாலே 4,000 ரூபாய், அடக்கம் தேறிவிடும். மூன்றாவது ஆளிலிருந்து லாபம். ஒரே அடியாக விற்றுவிட்டால் இந்த வழி அடைபடுகிறது.

இணையத்தில் படங்களைச் சேர்த்து விற்கும் நிறுவனங்களும் உண்டு. 2003-இல் தொடங்கிய ஷட்டர்ஸ்டாக் இவற்றில் பெரியது. இங்கே வழக்கமாக 'ராயல்டி ஃப்ரீ' முறை. ஃப்ரீ என்றதும் இலவசம் என்று நினைக்க வேண்டாம். வாங்குகிறவர் ஒரு தடவை பணம் கட்டினால், ஒவ்வொரு உபயோகத்துக்கும் தனித்தனியே கட்டாமல் விதிமுறைக்கு உட்பட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று அர்த்தம். 2020 ஜூனில் ஷட்டர்ஸ்டாக் வைத்த முறைப்படி எடுத்தவருக்குப் பங்கு 15 முதல் 40 சதவீதம். ஒரு படத்துக்குச் சில சென்ட் மட்டுமே வரலாம். ஆகவே சாதாரணமான படங்களை அங்கே போடலாம். ஆச்சி படம் போன்றதை நேரில் பேசிக் கொடுப்பதே நல்லது.

காகிதத்தில் என்ன எழுத வேண்டும்?

வாய்ப்பேச்சு போதாது, உரிமம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். எழுதும்போது எதையும் விட்டுவிடக் கூடாது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். பெரிய வக்கீல் மொழி தேவையில்லை. நான் எழுதுவது இவ்வளவுதான்:

"இத்துடன் உள்ள படத்தை, உங்கள் இதழின் குறிப்பிட்ட மாதத்து அச்சுப் பதிப்பில், உள்பக்கத்தில், ஒரு தடவை மட்டும் வெளியிட அனுமதிக்கிறேன். கட்டணம் 2,000 ரூபாய். இந்தியாவுக்குள் மட்டும். படத்தின் அருகில் என் பெயர் இருக்க வேண்டும். விளம்பரத்துக்கோ வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்கவோ இந்த அனுமதி செல்லாது. பதிப்புரிமை என்னிடமே இருக்கிறது."

அவர்கள் காகிதம் நீட்டினால், 'எல்லா உரிமைகளும்', 'எக்காலத்துக்கும்' ஆகிய இரண்டு தொடர்களும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், அல்லது அதற்குத் தகுந்த விலையைக் கேளுங்கள். பேச்சு முடியும்வரை சிறிய அளவுப் படத்தையே அனுப்புங்கள். மூலப் படத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். எடுத்தவர் நீங்கள் என்பதற்கு அதுவே நல்ல சாட்சி. அரசு அல்லது வங்கி வேலையில் இருப்பவர்கள் தங்கள் வேலை விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வரும் பணத்தை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும்.

இலவசமாகவே கொடுக்கலாமா? தாராளமாகக் கொடுக்கலாம். கோயில் மலருக்கும் சங்க இதழுக்கும் நான் காசு வாங்குவதில்லை. ஆனால் இலவசத்துக்கும் அதே காகிதத்தைத்தான் எழுதுகிறேன், கட்டணம் என்ற இடத்தில் 'இல்லை' என்று போடுகிறேன். விக்கிப்பீடியாவில் படம் சேர்க்க விரும்பும் பிள்ளைகள், 2002-இல் வந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களைப் படித்துப் பார்க்கட்டும். அங்கே ஏற்கும் உரிமத்தில் வியாபார உபயோகத்துக்கும் அனுமதி உண்டு; கொடுத்ததைத் திரும்பப் பெறவும் முடியாது.

படத்தில் இருப்பவரின் சம்மதம்

படம் நம்முடையது, முகம் அவருடையது. செய்திக்காகப் போடுவது வேறு, நெய் விற்கப் போடுவது வேறு. ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அவரது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1994-லேயே சொல்லியிருக்கிறது. நம் ஊர் நக்கீரன் இதழ் ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிடுவது பற்றி எழுந்த ராஜகோபால் வழக்கில் வந்த தீர்ப்பு அது. ஆகவே முகம் தெரியும் படத்தை வியாபாரத்துக்குக் கொடுக்கும் முன், அவருக்குப் புரியும் மொழியில் ஒரு சம்மதக் கடிதம் எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். குழந்தை என்றால் பெற்றோரின் கையெழுத்து.

சென்ற ஆண்டு ஒரு மசாலாக் கம்பெனி, பொங்கலிடும் பெண்கள் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டது. அதே ஆச்சியின் இன்னொரு படம் என்னிடம் இருந்தது. இந்தத் தடவை நேரே ஆச்சி வீட்டுக்குப் போனேன். பேத்தி கடிதத்தை ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள். எத்தனை மாதம், எந்த ஊர்களில், எவ்வளவு பணம் என்று ஆச்சி மூன்று தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார். "பலகையில போடப்படாது, பொட்டலத்து மேல மட்டும்னு எழுது" என்றார். எழுதினேன். கையெழுத்துப் போட்டார். வந்த பணத்தில் பாதியை, சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்க்கும்படியாகவே, அவர் கையில் கொடுத்தேன்.

"இப்போ சரி" என்றார் ஆச்சி.