கடல் கொண்ட துறைமுகம்

பொழுது புலரும் வேளையில் நம் ரயில் பாம்பன் கடலின்மேல் ஊர்ந்தது. 1914-ல் திறந்த பாலம் முதுமையடைந்துவிட்டபடியால், 2025-ல் திறந்த புதிய பாலமே நம்மைத் தாங்கிற்று. ராமேசுவரத்தில் சுவாமி தரிசனம் முடித்துத் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டோம்.

சென்னையில் 'போட் மெயில்' ஏறியவர்கள் அந்நாளில் இங்கே இறங்கி, கப்பலில் தலைமன்னார் சேர்ந்து, மீண்டும் ரயிலேறிக் கொழும்பு செல்வார்கள். சுங்கச் சாவடியும் தபாலாபீஸும் மாதா கோயிலுமாக விளங்கிய துறைமுகப் பட்டினம் இது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், ஊரையும் ஸ்டேஷனை நெருங்கிய பாஸஞ்சர் வண்டியையும் அலை விழுங்கிவிட்டது. கோயிலின் கூரையற்ற சுவர்கள் அதற்குச் சாட்சி.

வாழத் தகாத இடமென்று சர்க்கார் அறிவித்தும், செம்படவர் குடிசைகள் சிலவற்றைக் கண்டோம். ஒரு மூதாட்டி மணலைத் தோண்டி, ஊறிய நீரைக் குடத்தில் மொண்டுகொண்டிருந்தாள். நமக்கும் கொடுத்தாள், கடலருகே அந்த நீர் தித்தித்தது!

"இத்தனைக்கும் பிறகு இங்கேயா இருக்கிறீர்கள், பாட்டி?" என்றோம்.

"கடல்தானே சோறு போடுகிறது, ஐயா! அதை விட்டு எங்கே போவது?" என்றாள்.

இடிந்த சுவர்களைப் பார்க்கவே நாம் போனோம். திரும்பும்போது நம் மனத்தில் நின்றது அந்தக் குடந்தான்.