சாவடி போன பிறகும் பில் நீட்டலாமா?

கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்குப் போய்வரும் நம்மவர்களுக்கு அங்கிருந்த வணிகவரிச் சோதனைச்சாவடி நினைவிருக்கும். சரக்கு வண்டி என்றால் நிறுத்தி, பில்லைக் காட்டியாக வேண்டும். 2017ல் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. கணிப்பொறி உலகிலோ, சாவடி போன பிறகும் பில் நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேரளப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் பயன்படுத்துவது, கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு அமைத்துத் தரும் லினக்ஸ். அதில் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால் ஷெல் அவற்றை ஒவ்வொன்றாக நிறைவேற்றும். அக்கோப்புதான் ஷெல் ஸ்கிரிப்ட். ஒரு கணிப்பொறியில் ஓடுவது மற்றதிலும் ஓட வேண்டுமே என்று யூனிக்ஸ் காலத்தில் சில விதிகள் வகுத்தார்கள். பழைய குறிப்பேடுகள் வழியே அவை இன்றைய மாணவர் கைக்கும் வந்து சேர்கின்றன.

ஒரு கட்டளையின் விடையை இன்னொன்றுக்குள் வைக்க ` ` குறிகளையே இட வேண்டும் என்பது ஒரு விதி. 1979ல் வெளிவந்த ஸ்டீபன் போர்னின் ஷெல்லுக்கு அது மட்டுமே தெரியும். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வைத்தாலோ, எது எங்கே முடிகிறது என்று பார்த்துக் கண் பூத்துவிடும்! டேவிட் கார்னின் ஷெல் $( ) முறையைக் கொண்டுவந்தது. 1992ல் போசிக்ஸ் தரமும் அதை ஏற்றது. ஆனாலும் சோலாரிஸ் 10 வரை ‘எஸ்.எச்.’ என்ற பெயரில் இருந்தது பழைய ஷெல்தான். 2011ல் வந்த சோலாரிஸ் 11 அதை மாற்றியது. இனி யாருக்காக அந்தக் குறி?

இரு சொற்களை ஒப்பிடும்போது இரண்டின் முன்னும் எக்ஸ் எழுத்தை ஒட்டச் சொல்வது மற்றொன்று. சொல்லுக்குப் பதில் வெறும் அடைப்புக்குறி வந்தால் பழைய ஷெல்கள் அதைக் கட்டளையின் பகுதியென்று குழம்பின. இன்று மேற்கோளுக்குள் இட்டாலே போதும்.

ஆனால் எல்லா விதியும் காலாவதியாகவில்லை. ‘எஸ்.எச்.’ என்று தலைப்பிட்ட ஸ்கிரிப்டில் போசிக்ஸ் ஏற்றதை மட்டும் எழுத வேண்டும் என்ற விதிக்கு இன்னும் உயிர் இருக்கிறது. 2006ல் உபுண்டு 6.10 முதல் அப்பெயருக்குப் பின்னால் இருப்பது டேஷ் என்னும் சிறிய ஷெல். பாஷ் ஷெல் ஏற்கும் [[ ]] குறியை அதனிடம் கொடுத்தால் பிழை என்று சொல்லிவிடும்.

ஆகவே குறிப்பேட்டில் ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில், அது எந்த ஷெல்லுக்காக வந்தது என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். அந்த ஷெல் இன்று எங்கும் ஓடவில்லையென்றால் விதியை அடித்துவிடலாம்.