பழுது பேட்டரியிலா, ஆல்டர்னேட்டரிலா?

மும்பை தாராவியில் டாக்சி ஓட்டும் நம்மவர் ஒருவர். காலையில் வண்டி கிளம்பவில்லை. கடன் வாங்கிப் புது பேட்டரி போட்டார். மூன்றாம் நாள் மறுபடியும் அதே கதை!

பேட்டரி மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும். வண்டி ஓடும்போது அதை நிரப்புவது ஆல்டர்னேட்டர். எதில் கோளாறு என்று அறிய ஒரு வோல்ட் மீட்டர் போதும்.

இரவு முழுவதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே போனால், ஏறக்குறைய காலி.

அடுத்து, என்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை ஏறும். ஏறினால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. பேட்டரியைச் சோதிக்க வேண்டும். ஏறவே இல்லையா? என்ஜினை நிறுத்திவிட்டு, பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ஒயர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். பிறகுதான் ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. என்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிப்பது பழைய பழக்கம். இன்றைய கார்களில் அப்படிச் செய்தால் மின்னணுக் கருவிகள் கெட்டுப்போகலாம்.

நம்மவர் வண்டியில் தளர்ந்திருந்தது பெல்ட்தான். இறுக்கியதும் கோளாறு தீர்ந்தது. கடன்தான் இன்னும் தீரவில்லை.