அறிக்கையில் ‘பாசிட்டிவ்’ என்றிருந்தால் நல்லதா, கெட்டதா?

பரிசோதனை அறிக்கைகளில் நோயாளிகளையும் அவர்தம் குடும்பத்தினரையும் மிகுதியாகக் குழப்பும் சொற்கள் ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்னும் இரண்டுமே ஆகும். ‘எப்போதும் பாசிட்டிவாக இருங்கள்’ என்று அன்றாடம் கேட்டுப் பழகியவர்கள், அறிக்கையில் அச்சொல்லைக் கண்டதும் நல்ல செய்தி என்று மகிழ்வதுண்டு. வேறு சிலரோ, நோய் உறுதியாகிவிட்டது என்று கலங்குவர். எதனைக் கண்டறியச் செய்த பரிசோதனை என்பதை அறியாமல், இவ்விரு முடிவுகளில் எதற்கும் வருதல் கூடாது.

சொல் வந்த வழி

‘வைத்தல்’, ‘நிறுவுதல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்து, பிரெஞ்சு மொழி வழியாக 14ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்தை அடைந்தது இச்சொல். மனிதர் வகுத்து நிறுவிய சட்டத்தை, இயற்கை நீதியினின்று வேறுபடுத்திக் காட்டவே அது தொடக்கத்தில் பயன்பட்டது. நிறுவப்பட்டது ஐயமற்றதாகையால், ‘உறுதியானது’ என்னும் பொருளும் அதனோடு சேர்ந்தது. 1747இல் பெஞ்சமின் பிராங்கிளின் மின்னேற்றத்தின் இருவகைகளையும், 1840இல் ஜான் ஹெர்ஷல் ஒளிப்படத்தின் இருவகைகளையும் இச்சொற்களாலேயே குறித்தனர். இவற்றில் நன்மை தீமை என்னும் கருத்துக்கு இடமே இல்லை. நம்பிக்கையான மனநிலையைக் குறிக்கும் இன்றைய வழக்கு மிகவும் பிற்பட்டது.

தமிழில் ‘நேர்மறை’ என்று வழங்குகிறோம். ஆயினும் நம் இலக்கணத்தில் ‘எதிர்மறை’க்கு இணையாக நிற்பது ‘உடன்பாடு’ ஆகும். ‘வந்தான்’ என்பது உடன்பாடு. ‘வாரான்’ என்பது எதிர்மறை. வந்தவன் நண்பனா, பகைவனா என்பதை அவ்வினை சொல்வதில்லை. மருத்துவ அறிக்கையின் சொல்லும் அத்தகையதே. ‘தேடியது உண்டு’ என்றால் பாசிட்டிவ். ‘தேடியது இல்லை’ என்றால் நெகட்டிவ்.

தேடியது எது?

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி நோயை எடுத்துக்கொள்வோம். அவ்வைரஸின் மேற்புறப் புரதத்தைத் தேடும் பரிசோதனை பாசிட்டிவ் எனில், பொதுவாக உடலில் தொற்று உள்ளது என்று பொருள். அப்புரதத்திற்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனை பாசிட்டிவ் எனில், தடுப்பூசியாலோ முன்பு வந்து நீங்கிய தொற்றினாலோ பாதுகாப்பு உண்டாகியிருக்கிறது என்று பொருள். நோய் ஒன்றே, சொல்லும் ஒன்றே, செய்திகளோ வெவ்வேறு.

மார்பகப் புற்றுநோயில் ‘ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ்’ என்று வந்தால், ‘டமாக்சிஃபென்’ போன்ற ஹார்மோன் சார்ந்த மருந்துகள் பயன்தரும் வாய்ப்பு உண்டு. ஆனால் அறுவை சிகிச்சையில் அகற்றிய திசுவின் ‘விளிம்பு பாசிட்டிவ்’ என்றால், வெட்டிய ஓரத்தில் புற்றணுக்கள் காணப்பட்டன என்று பொருள். அங்கே ‘நெகட்டிவ்’ என்பதே நாம் விரும்பும் விடை.

இரத்த வகையில் வரும் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டும் நோயல்ல. சிவப்பணுக்களின் மேல் ‘ஆர்எச் டி’ என்னும் புரதம் இருப்பதையும் இல்லாமையையுமே அவை குறிக்கின்றன. எனினும் நெகட்டிவ் வகைத் தாய்க்குப் பாசிட்டிவ் வகைக் குழந்தை பிறந்தால், அடுத்த கருவைக் காக்கும் பொருட்டு, வழக்கமாக 72 மணி நேரத்திற்குள் ‘ஆன்டி-டி’ ஊசி தாய்க்குச் செலுத்தப்படும். ஆகவே கருவுற்ற பெண்கள் தம் இரத்த வகையைத் தவறாது அறிந்திருத்தல் வேண்டும்.

விடை முடிவானதா?

எந்தப் பரிசோதனையும் முழுமையானதன்று. நோய் இல்லாதவருக்குப் பாசிட்டிவ் என்றும், இருப்பவருக்கு நெகட்டிவ் என்றும் விடை வரக்கூடும். எச்.ஐ.வி. தொற்றிய தொடக்க நாட்களில் பரிசோதனை நெகட்டிவாக இருக்கலாம். சளியில் காசநோய்க் கிருமி தென்படாவிட்டாலும் நோய் இருக்கக்கூடும். அறிகுறிகள் தொடர்ந்தால், ‘நெகட்டிவ் என்று வந்துவிட்டதே’ என வாளாவிருத்தல் ஆகாது. அவ்வாறே, ஒரு பாசிட்டிவ் விடையைக் கண்டு மருந்தைத் தாமாகத் தொடங்குவதும் நிறுத்துவதும் கூடாது.

அறிக்கையைப் பெற்றதும் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை:

1. இப்பரிசோதனை எதனைத் தேடுகிறது?
2. அது இருப்பது எனக்கு நன்மையா, கவலைக்குரியதா?
3. இவ்விடையை உறுதிப்படுத்த வேறு பரிசோதனை வேண்டுமா?
4. இதனால் என் சிகிச்சையில் மாற்றம் உண்டா?

இவற்றைக் கேட்க நோயாளிகளோ உடனிருப்போரோ தயங்க வேண்டியதில்லை. விடைகளை அறிக்கையின் ஓரத்திலேயே தமிழில் குறித்து வைத்துக்கொண்டால், இல்லம் திரும்பிய பின் பிறர்க்கு எடுத்துரைப்பதும் எளிதாகும். வீண் அச்சமும் வீண் நம்பிக்கையும் தவிர்க்கப்படும்.