தாயைப் பார்த்துவிட்டுக் குட்டியைத் தூக்குங்கள்

நாய்க்குட்டியைக் காரில் வைத்து நெடுந்தூரம் கூட்டிவர நம் ஊரில் தோதான காலம் மார்கழியும் தையும்தான். சித்திரையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு டீ குடிக்க இறங்கினால், திரும்பி வருவதற்குள் வண்டி அடுப்பாகிவிடும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். குட்டிக்கு அந்தத் திராணியும் குறைவு. அதனால், ராஜபாளையத்தில் அந்த ஊர் இன நாய் ஒன்று குட்டி போட்டிருக்கிறது என்று தகவல் வந்ததும் நாங்கள் அவசரப்படவில்லை. மழை ஓயட்டும், குட்டிக்கும் வயது நிரம்பட்டும் என்று காத்திருந்து, மார்கழிக் கடைசியில் சென்னையிலிருந்து கிளம்பினோம்.

அதற்கு முன்பே வேறொருவர் போனில் சுலபமான வழி சொல்லியிருந்தார். “பஸ்ல ஏத்தி விட்டுடுறேன் சார், காலையில கிளாம்பாக்கத்துல எடுத்துக்கங்க.” காற்றுக்கு ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி, ராத்திரி முழுக்கப் பயணம், டிரைவருக்குக் கொஞ்சம் பணம். நிறையக் குட்டிகள் இப்படித்தான் ஊர் போய்ச் சேருகின்றன. பிறந்ததிலிருந்து கூடப்பிறந்தவற்றின் மேல் படுத்துத் தூங்கிய குட்டிக்கு, மனித உலகத்தின் முதல் அறிமுகம் இருட்டுப் பெட்டியும் ஹாரன் சத்தமும். வாங்குபவருக்கும் இதில் நஷ்டம் உண்டு: தாயை அவர் பார்ப்பதே இல்லை.

சென்னையிலிருந்து ராஜபாளையம் சுமார் 550 கி.மீ. விடிவதற்கு முன் கிளம்பினால் சீக்கிரம் போய்விடலாம் என்பது மற்ற மாதங்களுக்கான கணக்கு. மார்கழிப் பனிமூட்டத்தில் முன்னால் போகும் லாரியின் பின்விளக்குகூடத் தெரியாத இடங்கள் உண்டு. வெயில் ஏறிய பிறகு ஓட்டுவதே நல்லது. மதுரை தாண்டித் திருமங்கலத்தில் வலதுபுறம் திரும்பி, கொல்லம் போகும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால் காட்சி மாறுகிறது. மேற்கே மலை கூடவே வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. பால்கோவா வாங்காமல் அந்த ஊரைக் கடந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களை நான் நம்ப மாட்டேன்.

மேற்கே கூட வந்த அந்த மலைதான் இந்த நாயை உருவாக்கியது எனலாம். ராஜபாளையம் நாய் காட்டுப்பன்றி வேட்டைக்கு வளர்க்கப்பட்ட இனம். நீண்ட கால், ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு எல்லாமே ஓடுவதற்காக. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2021-இல் அந்த மலைப் பகுதி ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமும் ஆயிற்று. வேட்டை போய்விட்டது, நாய் இருக்கிறது. இப்போது அதற்குத் தோப்புக் காவலும் வீட்டுக் காவலும்தான் வேலை. 2005-இல் அஞ்சல் துறை வெளியிட்ட நாலு இந்திய நாயினத் தபால்தலைகளில் இதுவும் ஒன்று. சென்னை சைதாப்பேட்டையில் முன்பு இருந்த அரசின் நாய் இனப்பெருக்கப் பிரிவு ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை போன்ற இனங்களை வளர்த்துவந்தது. பாளையக்காரர் காலத்துப் போர்களில் இந்த நாய்கள் குதிரைப்படையை விரட்டின என்று ஊரில் கதை சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

வளர்ப்பவரின் தோப்புக்குள் நுழைந்ததும் நான் குட்டிகளைத் தேட, அவர் தடுத்தார். “முதல்ல தாயப் பாருங்க தம்பி. அது எப்படியோ அப்படித்தான் குட்டியும்.” கட்டியிருந்த வெள்ளைப் பெட்டை எழுந்து நின்று எங்களையே பார்த்தது. குரைக்கவில்லை, வாலாட்டவும் இல்லை. எசமானர் பக்கத்தில் வந்து நின்றதும்தான் உட்கார்ந்தது. கண்ட ஆளையெல்லாம் பார்த்து நடுங்குகிற தாயோ, கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்கிற தாயோ இருந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடலாம்.

“எத்தனாவது ஈத்து அண்ணாச்சி?”

“ரெண்டாவது. போன வருசம் விட்டுட்டேன். வருசா வருசம் போட வச்சா உடம்பு என்னத்துக்கு ஆகும்?”

இந்தப் பதில் எனக்குச் சான்றிதழை விடப் பெரிதாகப் பட்டது.

அடுத்தது காது. இந்த இனத்தின் பால்வெள்ளை நிறமும் ரோஜா நிற மூக்கும்தான் எல்லோரையும் இழுக்கின்றன. வம்பும் அங்கேதான் இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள், குட்டி பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடும். வெள்ளை நிறத்துக்காகவே பொறுக்கிப் பொறுக்கி இணை சேர்த்த இனங்களில் பிறவிச் செவிடு வருவது இதனால்தான். கூட்டமாக இருக்கும்போது கைதட்டிப் பார்த்துப் பயனில்லை. மற்றவை திரும்புவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் திரும்பும். ஒவ்வொன்றையும் தனியே பிரித்து, அது தூங்கும்போது பின்னாலிருந்து சத்தம் கொடுக்க வேண்டும். அண்ணாச்சி ஒரு சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினார். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதிலும் தப்பிவிடும்; அதற்குக் கருவி வைத்து மூளையின் அலையை அளக்கும் பரிசோதனைதான் வழி.

எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. முப்பது நாளிலேயே தூக்கிக் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், ‘சின்னதா இருந்தாத்தான் நல்லா ஒட்டும்’ என்று கேட்டு வாங்குபவர்களும் இருக்கிறார்கள். இது தப்பு. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது கூடப்பிறந்தவற்றைக் கடித்தும் கடிபட்டும்தான். அந்தப் பாடத்தைப் பாதியில் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டு, ஆறு மாதம் கழித்து நாய் கடிக்கிறது என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

திரும்பும் பயணத்துக்குச் சில விஷயங்களை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே குட்டிக்குக் கொஞ்சமாக உணவு கொடுத்துவிடச் சொல்லுங்கள். வயிறு நிறைந்திருந்தால் முதல் வளைவிலேயே வாந்தி எடுக்கும். எங்கள் குட்டி வெறும் வயிற்றிலும் எடுத்தது, அது வேறு. தாய் படுத்த சாக்கில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கிக் கூடையில் விரியுங்கள். அங்கே சோறும் மோரும் முட்டையும் சாப்பிட்ட குட்டிக்கு, வந்த அன்றே கடையில் வாங்கிய உணவை வைக்காதீர்கள். பழைய சாப்பாட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டும். கூடை பின் சீட்டில் ஒருவர் மடியிலோ பக்கத்திலோ இருக்கட்டும். ஏசிக் காற்று அதன் மேல் நேராக அடிக்கக் கூடாது.

ரொம்ப முக்கியமானது ஒன்று. டீக்கடையிலும் பெட்ரோல் பங்கிலும் குட்டியைத் தரையில் விடாதீர்கள். அங்கெல்லாம் தெருநாய்கள் நடமாட்டம் அதிகம். 1970-களின் கடைசியில் உலகெங்கும் பரவிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் ரத்தபேதி வந்த குட்டியைப் பிழைக்க வைப்பது பெரும்பாடு. தாய்ப்பாலில் கிடைத்த எதிர்ப்பு சக்தி குறைந்துகொண்டே வருகிற, தடுப்பூசி இன்னும் முழுதாக வேலை செய்யாத இடைவெளியில்தான் நாம் குட்டியை ஊர் மாற்றுகிறோம். வண்டிக்குள்ளேயே பழைய செய்தித்தாளை விரித்தால் போதும், அதில் எல்லாம் ஆகிவிடும். தடுப்பூசியை மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை தொடர வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில்.

வீட்டுக்கு வந்ததும் ‘வாடை அடிக்கிறது’ என்று குளிப்பாட்டுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. மார்கழிக் குளிரில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். அந்த வாடைதான் அன்றைக்கு அதற்கு இருக்கும் ஒரே சொந்தம். முதல் ராத்திரி அழும். வராந்தாவில் கட்டிப்போட்டுவிட்டு, அழுதால் அழட்டும் என்று கதவைச் சாத்துவது வீரம் அல்ல. கூடையைக் கட்டில் ஓரம் வைத்துக் கையைத் தொங்கவிட்டால் தூங்கிவிடும்.

கடைசியாக ஒன்று. இந்த நாய் ஓட வேண்டும், அதுவும் தினமும். கேட்டைத் திறந்தால் நாலு தெரு தாண்டும், எசமானரைத் தவிர யாருக்கும் பணியாது, புது ஆள் தொடுவதை விரும்பாது. மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீட்டில் இருந்துகொண்டு, காலையும் மாலையும் வெளியே கூட்டிப்போக ஆளும் இல்லாதவர்கள், தயவுசெய்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா வாங்க மட்டும் போய் வாருங்கள்.