ஐம்பதாயிரம் பேருக்கு நடுவே ஒரு சின்னக் கல்லூரி

வாரன் பஃபெட் இளங்கலைப் படிப்பைத் தொடங்கியது அமெரிக்காவின் பேர்பெற்ற தனியார் பல்கலைக்கழகமான பென்சில்வேனியாவின் வார்ட்டன் வணிகப் பள்ளியில். அங்கே மனம் ஒட்டவில்லை. சொந்த மாநிலத்துக்குத் திரும்பி, நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் 1950இல் பட்டம் வாங்கினார். கூகுளின் லாரி பேஜ் மிச்சிகனிலும் செர்கே பிரின் மேரிலாந்திலும் இளங்கலை படித்தார்கள். ஆப்பிளின் டிம் குக் அலபாமாவின் ஆபர்னில். எல்லாமே அரசுப் பல்கலைக்கழகங்கள்.

இந்தப் பட்டியலை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது. இவர்களை எங்கே நட்டிருந்தாலும் முளைத்திருப்பார்கள் என்று ஒருவர் சொன்னால் மறுப்பதற்கில்லை.

பெரிய பெயருள்ள கல்லூரியில் படிப்பது பிற்கால வாழ்க்கையை மாற்றுமா என்ற கேள்வியை முறையாகக் கேட்டவர்கள் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள். ஒரே மாதிரியான கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே மாதிரியான இடங்களில் அனுமதி பெற்ற மாணவர்களை அவர்கள் ஒப்பிட்டார்கள். சிலர் அதில் பெரிய பெயருள்ள கல்லூரிக்குப் போனார்கள், சிலர் போகவில்லை. பிற்காலத்தில் இரு தரப்பின் சம்பளத்திலும் பெரிய வித்தியாசமில்லை என்றது 2002இல் வெளிவந்த ஆய்வு. விதிவிலக்கும் இருந்தது: ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய பெயர் உண்மையிலேயே கைகொடுத்தது.

2023இல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் இந்தப் படத்தில் இன்னொரு கோடு போட்டார்கள். ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு போன்ற 12 தனியார் பல்கலைக்கழகங்களையும் மாநிலங்களின் முதன்மை அரசுப் பல்கலைக்கழகங்களையும் ஒப்பிட்டால், சராசரி வருமானத்தில் வித்தியாசம் சொற்பம்தான். ஆனால் வருமானத்தின் உச்சியில் இருக்கும் ஒரு சதவீதத்தினருக்குள் நுழையும் வாய்ப்பு, தனியாரில் படித்தவர்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. நல்ல வேலை, நிம்மதியான வாழ்க்கை போதும் என்பவருக்கு அரசுப் பல்கலைக்கழகம் தாராளமாகப் போதும். வால் ஸ்ட்ரீட்டின் உச்சாணிக் கிளை வேண்டுமென்றால், பெயருக்கு இன்னும் விலை இருக்கிறது.

பெயரின் மயக்கம் நாமும் அறியாததல்ல. ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைய 60 லட்சம் டாலர் திரட்ட உலகத் தமிழர்கள் ஓடியாடினார்கள். தமிழக அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகமான பெர்க்லியில் ஜார்ஜ் ஹார்ட் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தார். ஹாங்க் ஹைஃபெட்ஸுடன் சேர்ந்து அவர் செய்த புறநானூற்று மொழிபெயர்ப்பு 1999இல் வெளிவந்தது.

இந்த அரசுப் பல்கலைக்கழகங்களில் பல, 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட மாரில் சட்டத்தின் வாரிசுகள். மத்திய அரசு மாநிலங்களுக்கு நிலம் கொடுத்தது. அதை விற்ற பணத்தில் வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகள் எழுந்தன. எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கானவை என்பதால் காலப்போக்கில் அளவில் பெரிதாக வளர்ந்தன. ஹார்வர்டில் இளங்கலை மாணவர்கள் சுமார் 7,000 பேர். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மொத்த மாணவர்கள் 50,000க்கும் மேல்.

அந்த அளவுதான் பலரை மிரட்டுகிறது. முதலாண்டு வேதியியல் வகுப்பில் முந்நூறு, நானூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். பேராசிரியர் மேடையில் பேசிவிட்டுப் போவார். சந்தேகம் தீர்ப்பது, விடைத்தாள் திருத்துவது எல்லாம் டி.ஏ. எனப்படும் முனைவர் பட்ட மாணவர்கள். கணினி அறிவியல் போன்ற துறைகளில் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த பிறகும் இடம் கிடைப்பது உறுதியில்லை. விண்ணப்பிக்கும் முன் விசாரிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

கூட்டத்துக்கு மாற்றாக வந்தவை ஆனர்ஸ் கல்லூரிகள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோரைச் சேர்த்துக்கொள்ளும். அதற்குள்ளேயே 1988இல் தொடங்கிய பேரட் ஆனர்ஸ் கல்லூரி தனியாக மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிறது. தனி விடுதி உண்டு. முதலாண்டில் இருபது பேருக்கும் குறைவாக அமர்ந்து நூல்களை வாசித்து விவாதிக்கும் வகுப்பும் உண்டு. பட்டம் பெற ஆய்வேடு கட்டாயம். தனியார் கல்லூரிகள் காசாக்கும் நெருக்கமும், பெரிய பல்கலைக்கழகத்தின் ஆய்வகங்களும் ஒரே வளாகத்தில். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஷ்ரையர் கல்லூரியும் இதே வகை.

அரசுப் பல்கலைக்கழகம் என்றாலே சுலபமாக இடம் கிடைக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். லாஸ் ஏஞ்சலிஸின் யு.சி.எல்.ஏ.வுக்கு ஆண்டுதோறும் சுமார் ஒன்றரை லட்சம் விண்ணப்பங்கள் வருகின்றன. இடம் கிடைப்பது பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை.

செலவுக் கணக்கிலும் ஒரு திருகல் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகம் மலிவு என்பது அந்த மாநிலத்துக்காரருக்குத்தான். மிச்சிகனில் உள்ளூர் மாணவர் கட்டுவதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் வெளி மாநிலத்தவர் கட்ட வேண்டும்; தனியார் கட்டணத்துக்குக் கிட்டத்தட்ட ஈடு. மறுபுறம், ஹார்வர்டு 2025–26 கல்வியாண்டிலிருந்து, ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலர் வரையுள்ள குடும்பங்களிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்று அறிவித்திருக்கிறது. அச்சிட்ட கட்டணத்தைப் பார்த்து முடிவெடுப்பதைவிட, உதவித்தொகை போக மிஞ்சும் தொகையை ஒவ்வொரு கல்லூரியின் இணையக் கணிப்பானிலும் போட்டுப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ இளங்கலைக்குப் போகிறவருக்குக் கணக்கு இன்னும் கடுமை. அவர் எல்லா மாநிலங்களுக்கும் வெளியாள். அரசுப் பல்கலைக்கழகங்களின் உதவித்தொகையில் பெரும்பகுதி அவருக்கு எட்டாது. முனைவர் பட்டத்துக்குப் போகிறவரின் நிலை வேறு. அறிவியல், பொறியியல் துறைகளில் பெரும்பாலும் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்று, மாதச் சம்பளமும் தருகிறது. அதற்கு ஈடாகப் பலர் செய்வது அந்த நானூறு பேர் வகுப்பின் டி.ஏ. வேலை.